கல்லடிச் சமாதி கூறும் மறுமைப் பாடம்

மரணத்துக்குப் பின் மனிதனுடன் செல்வது எது என்ற வினாவுக்கு உலகின் தொன்மையான நாகரிகங்கள் யாவும் விடை தேடியுள்ளன. அந்த விடையைக் கற்சுவரிலும் மரப்பேழையிலும் பப்பைரஸ் சுருளிலும் மற்றெவரையும் விட விரிவாக எழுதி வைத்தவர்கள் பண்டைய எகிப்தியர்கள். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளாகத்திலுள்ள ஒரு சமாதியின் மீதும் இதே வினாவுக்கு ஒரு விடை பொறிக்கப்பட்டுள்ளது. அது சுவாமி விபுலானந்தரின் சமாதி. அதில் உள்ள பாடலும் அவர் இயற்றியதே.

அடிகளாரின் வாழ்க்கை வரலாறு நம் மாணவர்களுக்குப் பாடநூல் வழியாக அறிமுகமானதே. பிறந்த ஊர், பெற்ற பட்டங்கள், வகித்த பதவிகள், எழுதிய நூல்கள் என்று அது பட்டியலாகவே பெரும்பாலும் மனனஞ் செய்யப்படுகிறது. ஆயின், ஒரு மனிதன் இறந்தபின் அவனிடம் எது நிறுத்துப் பார்க்கப்படுகிறது என்ற கேள்வியோடு அவ்வாழ்க்கையை அணுகினால் அது வேறொரு பொருளைத் தருகிறது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து, அடுத்தடுத்த மண்ணில் தம் இறந்தோரை அடக்கஞ் செய்து வரும் இந்தப் பிரதேசத்துக்கு அப்பொருள் இன்று மிகவும் வேண்டப்படுவதொன்றாகும்.

1892ஆம் ஆண்டில் காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு மகனாகப் பிறந்தவர் மயில்வாகனன். காரைதீவின் வடக்கே சாய்ந்தமருதும் தெற்கே நிந்தவூரும் அமைந்துள்ளன. ஆலய மணியோசையும் பாங்கொலியும் ஒரே காற்றில் கலந்து வரும் நிலம் அது. கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும் பின்னர் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் அவர் கல்வி கற்றார். சைவ மரபில் பிறந்து, கிறிஸ்தவக் குருமாரிடம் பயின்று, முஸ்லிம் ஊர்களின் அயலில் வளர்ந்தவர் அவர். பிற்காலத்தில் அவரிடம் காணப்பட்ட விரிந்த நோக்குக்கு இச்சூழலும் ஒரு காரணமாயிருந்தது எனக் கொள்வதில் தவறில்லை.

1908ஆம் ஆண்டில், தமது பதினாறாவது வயதில் கேம்பிரிட்ஜ் சிரேஷ்ட பரீட்சையில் அவர் சித்தியடைந்தார். ஆசிரியப் பயிற்சியை முடித்துக்கொண்டபின் விஞ்ஞானக் கல்வியை நாடிய அவர், 1916ஆம் ஆண்டில் விஞ்ஞான டிப்ளோமாவைப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பட்டத்தை முதன்முதலாகப் பெற்றவர் அவரே. ஆய்வுகூடமும் ஏட்டுச்சுவடியும் ஒருவரிடமே சேர்ந்திருந்தது அக்காலத்தில் அரிதாகும். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றிய அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியாகி, 1920ஆம் ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றார்.

அக்காலத்து இலங்கையில் ஒரு தமிழ் இளைஞர் விரும்பக்கூடிய பட்டமும் பதவியும் மதிப்பும் முப்பது வயதுக்குள் அவருக்குக் கிடைத்துவிட்டன. 1922ஆம் ஆண்டில் அவற்றை விட்டு நீங்கிச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்ற பிரமசரியப் பெயருடன் பயிற்சி பெற்ற அவருக்கு, 1924ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேரடிச் சீடரான சுவாமி சிவானந்தர் துறவு வழங்கி விபுலானந்தர் என்னும் பெயரையும் சூட்டினார்.

அடிகளார் உலகப் பொருட்களைத் துறந்த அதே 1922ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்தில், எகிப்தின் அரசர் பள்ளத்தாக்கில் தூத்தங்காமுன் என்ற இளம் அரசனின் கல்லறை கண்டறியப்பட்டது. அதன் உட்பேழை மட்டும் ஏறத்தாழ 110 கிலோகிராம் எடையுள்ள பொன்னால் ஆனது. தேர்களும் கட்டில்களும் உணவுக் கூடைகளும் ஆபரணங்களும் மறுமைப் பயணத்துக்கென அரசனோடு அங்கே வைக்கப்பட்டிருந்தன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அவை இருந்த இடத்திலேயே இருந்தன. எடுத்துச் செல்வதற்காக வைக்கப்பட்ட எதையும் அந்த அரசன் எடுத்துச் செல்லவில்லை. இரு நிகழ்வுகளும் ஓராண்டில் நேர்ந்தது தற்செயலே. எனினும் அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது சிந்தனைக்கு இடமுண்டு.

எகிப்தியரின் மறுமை நம்பிக்கைக்கும் நீண்ட வரலாறு உண்டு. கி.மு. 2350ஆம் ஆண்டளவில் சக்காராவிலுள்ள ஊனாஸ் அரசனின் பிரமிட்டுச் சுவர்களில் செதுக்கப்பட்டவையே நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஈமநூல் வாசகங்கள். தொடக்கத்தில் அவை அரசர்க்கே உரியனவாயிருந்தன. பின்னர் அதிகாரிகளும் செல்வர்களும் தமது மரப்பேழைகளில் அத்தகைய வாசகங்களை எழுதச் செய்தனர். கி.மு. 1550ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட காலத்தில் அவை பப்பைரஸ் சுருள்களாக விலைக்குக் கிடைத்தன. இன்று மரணித்தோர் நூல் என அழைக்கப்படுவது இதுவே. பகலில் வெளிவருதல் என்ற பொருளுடைய பெயரால் எகிப்தியர் அதனை வழங்கினர். வாங்குவோரின் பெயரை எழுதுவதற்கு வெற்றிடம் விட்டு முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட சுருள்களும் இருந்தன. ஆயினும் நைல் நதிக்கரையில் வயலை உழுத ஏழை விவசாயிக்கு அச்சுருள் ஒருபோதும் எட்டவில்லை. மறுமைக்கான வழி எழுத்தில் இருந்தது. அந்த எழுத்து பணமுள்ளோரின் கையில் இருந்தது.

எழுத்து சிலரின் கையில் மட்டும் இருப்பது எகிப்துக்கு மட்டும் உரிய குறை அன்று. அடிகளார் 1925ஆம் ஆண்டில் இலங்கைக்குத் திரும்பியபோது கிழக்கின் கிராமங்களில் கல்வி பெரும்பாலானோருக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. காரைதீவு, மண்டூர், ஆனைப்பந்தி, கல்லடி எனப் பல இடங்களிலும் இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளை அவர் பொறுப்பேற்று வளர்த்தார். 1929ஆம் ஆண்டில் கல்லடி உப்போடையில், தமது குருநாதரின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை அமைத்தார். ஆதரவற்ற சிறுவர்களைப் பேணும் மாணவர் இல்லப் பணியும் இதனோடு இணைந்து வளர்ந்தது. பிறப்பாலும் வறுமையாலும் எழுத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோரை எழுத்துக்குள் அழைத்து வருவதே அவரது துறவின் வடிவமாயிற்று.

1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அவர் அமர்ந்தார். அப்போதும் அவர் பல்கலைக்கழக மண்டபத்தோடு நின்றுவிடவில்லை. அயலிலுள்ள திருவேட்களத்தில், தீண்டாமைக்கு ஆளான மக்களின் குடியிருப்புக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பாரதியாரைப் புலவர் உலகம் பொருட்படுத்தத் தயங்கிய காலத்தில் அவரது கவிதைகளைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவரும் அவரே. விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிப்பதற்கான கலைச்சொல்லாக்கப் பணிக்கும் தலைமை தாங்கினார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு ஒப்புநோக்கி 'மதங்க சூளாமணி' என்னும் நூலை எழுதினார். 1939ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்துக்குச் சென்று 'பிரபுத்த பாரதா' என்ற ஆங்கில சஞ்சிகைக்கு ஆசிரியராயிருந்தார். 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார்.

இத்தனை பணிகளுக்கும் நடுவே பல்லாண்டுகளாக அவரைப் பிடித்திருந்த ஆய்வு ஒன்று இருந்தது. சங்க நூல்களிலும் சிலப்பதிகாரத்திலும் பேசப்பட்டு, பின்னர் வழக்கொழிந்து, வடிவமும் ஓசையும் மறந்துபோன யாழை மீட்டெடுப்பதே அது. இசையறிவும் இலக்கிய அறிவும் மட்டும் இதற்குப் போதுமானவையல்ல. நரம்பின் நீளத்துக்கும் அதிர்வுக்கும் சுரத்துக்கும் இடையிலான கணிதத் தொடர்பை அறிந்தவராலேயே அது இயலும். இளமையில் கற்ற பௌதிகமும் கணிதமும் அங்கே தமிழுக்குத் துணைநின்றன. மட்டக்களப்பு வாவியில் நிலாக்கால இரவுகளில் கேட்பதாகச் சொல்லப்படும் இசையொலியும் நீரரமகளிர் பாடலாக அவரது 'யாழ் நூலில்' இடம்பெற்றது.

எகிப்தியரின் கல்லறைகளிலும் யாழ் இருக்கிறது. தமிழரின் வில்யாழைப் போன்று வில்லாக வளைந்த நரம்புக் கருவியை மீட்டும் பாடகர்களின் உருவங்கள் அங்குள்ள கல்லறைச் சுவர்களில் தீட்டப்பட்டுள்ளன. அவ்வுருவங்களின் அருகே எழுதப்பட்ட பாடல்களை ஆய்வாளர்கள் யாழோர் பாடல்கள் என வகைப்படுத்துகின்றனர். இந்தெப் என்னும் அரசனின் கல்லறையைச் சேர்ந்ததாகக் குறிக்கப்படும் பாடல் வியப்புக்குரியது. அங்கிருந்து திரும்பி வந்து அங்குள்ள நிலையைச் சொன்னவர் எவருமில்லை என்றும், தன் பொருளைத் தன்னோடு கொண்டுசென்றவரும் இல்லை என்றும் அது துணிந்து கூறுகிறது. மறுமையை உறுதிசெய்யக் கட்டப்பட்ட இடத்துக்கே உரிய பாடல் மறுமையை ஐயுறுகிறது. தீப்ஸ் நகரில் நெபர்ஹோத்தெப் என்பவரின் கல்லறையிலுள்ள வேறொரு பாடல், இம்மையைப் புகழ்ந்து மறுமையைச் சிறுமைப்படுத்தும் இத்தகைய பழம் பாடல்களை மறுத்துரைக்கிறது. நம்பிக்கையும் ஐயமும் யாழிசையோடு வாதிட்ட நாகரிகம் அது.

அடிகளாரின் யாழாய்வு நூலாக வெளிவந்தபோது அவரது உடல்நலம் பெரிதும் குன்றியிருந்தது. 1947 ஜூன் 5ஆம், 6ஆம் திகதிகளில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 'யாழ் நூல்' அரங்கேற்றம் நடைபெற்றது. அவரது கணக்கின்படி செய்யப்பட்ட யாழ்களும் அங்கே மீட்டப்பட்டன. பல நூற்றாண்டுகள் மௌனமாயிருந்த ஓசையைத் தமிழுலகம் மீண்டும் கேட்டது. அரங்கேற்றம் தொடங்கிய நாளிலிருந்து 44ஆம் நாள், 1947 ஜூலை 19ஆம் திகதி, கொழும்பில் அவர் மறைந்தார். பூதவுடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டியெழுப்பிய சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. அப்போது அவருக்கு வயது 55.

அச்சமாதியின் மீது பொறிக்கப்பட்ட பாடல் மலர்களைப் பற்றியது. இறைவனுக்கு எந்த மலர் உவப்பானது என்று அது வினவுகிறது. மணமும் நிறமும் மிக்க மலர்களைச் சொல்லிச் சொல்லி அவற்றை விலக்குகிறது. இறுதியில் உள்ளத்தையும் கூப்பிய கைகளையும் இறைவன்பால் நாட்டிய விழிகளையுமே அவன் விரும்பும் மலர்களாகக் காட்டுகிறது. சமாதியில் மலர் சாத்த வருபவர் முதலில் வாசிப்பது, வெறும் மலர் போதாது என்ற செய்தியைத்தான். கல்லறை எழுத்துகளின் நீண்ட வரலாற்றில் இது தனிச்சிறப்புடையது. இறந்தவருக்காக எதையும் இது கோரவில்லை. வாசிப்பவரின் உள்ளத்தையே கேட்கிறது.

எகிப்தியரின் மறுமைத் தீர்ப்பிலும் நடுவே இருப்பது இதயமே. உடலைப் பதப்படுத்தும்போது மூளையை அவர்கள் வெளியே எறிந்தனர். இதயத்தை உடலிலேயே விட்டுவைத்தனர். தராசின் ஒரு தட்டில் இதயமும் மறுதட்டில் வாய்மையின் அடையாளமான இறகும் வைக்கப்படும் என நம்பினர். நாற்பத்திரண்டு தேவர்களின் முன்னே, பிறரைப் பட்டினி போடவில்லை, அழவைக்கவில்லை, அளவையில் மோசடி செய்யவில்லை, ஓடும் நீரை அணையிட்டுத் தடுக்கவில்லை என இறந்தவர் உரைக்க வேண்டும். வயலும் வாய்க்காலும் நம்பி வாழும் நம் மக்களுக்கு இக்குற்றங்களின் கனம் விளங்காமற் போகாது. எனினும் இந்த உயரிய எண்ணத்தோடு ஓர் அச்சமும் இருந்தது. தன் இதயமே தனக்கெதிராகச் சாட்சி சொல்லிவிடுமோ என அவர்கள் அஞ்சினர். அதனை வாய்மூடச் செய்யும் வாசகத்தை வண்டு வடிவக் கல்லில் பொறித்து, உடலின் நெஞ்சில் வைத்தனர். இதயத்தைத் தூய்மைப்படுத்துவதை விட அதனை மௌனமாக்குவது எளிதாகத் தோன்றியது போலும்.

இவ்விடத்தில் முஸ்லிம் வாசகர்களின் நினைவுக்கு யாஸீன் அத்தியாயம் வரக்கூடும். மறுமையில் வாய்கள் முத்திரையிடப்படும், கைகள் பேசும், கால்கள் சாட்சி பகரும் என அது எச்சரிக்கிறது. மீஸான் எனப்படும் தராசும் இஸ்லாமிய நம்பிக்கையின் அங்கமாகும். தன்னையே கடவுளாக அறிவித்துக்கொண்ட பிர்அவ்னின் உடல், பின்வருவோருக்கு ஓர் அத்தாட்சியாகவே காக்கப்படும் என யூனுஸ் அத்தியாயம் கூறுகிறது. உடல் எஞ்சுவது பெருமைக்குரியதல்ல என்பதற்கு அதைவிட வலிய உதாரணம் வேண்டியதில்லை.

இந்நம்பிக்கைகள் யாவும் ஒன்றே எனக் கூறுவது நமது நோக்கமன்று. வினைப்பயனும் பிறவித் தொடரும் பேசும் சைவமும், ஒரே வாழ்வு, ஒரே இறுதித் தீர்ப்பு என்னும் இஸ்லாமும், உடலைப் பேணினாலன்றி மறுவாழ்வில்லை எனக் கருதிய எகிப்திய சமயமும் அடிப்படையிலேயே வேறானவை. எனினும் நிறுக்கப்படுவது செல்வமோ குலமோ அன்று, உள்ளமும் செயலுமே என்ற இடத்தில் அவை ஒன்றையொன்று அறிந்துகொள்ள முடியும்.

மனிதன் மரணித்ததும் அவனது செயல்கள் நின்றுவிடும், மூன்று மட்டும் தொடரும் என இஸ்லாமிய மரபு போதிக்கிறது. ஸதகதுல் ஜாரியா எனப்படும் நிலையான தருமம், பயன்தரும் கல்வி, பெற்றோருக்காகப் பிரார்த்திக்கும் நற்பிள்ளை என்பனவே அம்மூன்று. அடிகளார் வேறு சமயத்தைச் சேர்ந்த துறவி, பிள்ளைகள் இல்லாதவர். ஆயினும் அவர் விட்டுச் சென்றவை பாடசாலையும் அறிவுமே என்பதை முஸ்லிம் அயலவர்களும் எளிதில் இனங்கண்டு மதிக்க முடியும். கற்பித்த ஆசானை மதிப்பது இரு சமூகங்களுக்கும் பொதுவான பண்பாகும்.

ஆனால் அவர் மறைந்தபின் இம்மண் கண்ட மரணங்கள் வேறுவிதமானவை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி, கல்லடியிலிருந்து சில கிலோமீற்றர் தெற்கேயுள்ள காத்தான்குடியில், பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதத்தில், வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போயினர். சத்துருக்கொண்டானில் குழந்தைகளும் முதியோரும் உட்படப் பெருந்தொகையான தமிழர்கள் படுகொலை செய்யப்பட்டனர். காணாமற்போனோரின் உறவினருக்குக் கண்ணீர் வடிக்க ஒரு கல்லறைகூட இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கல்லடியையும் காரைதீவையும் மருதமுனையையும் கடல் ஒன்றுபோல விழுங்கியது. அன்று அலை எவரிடமும் மதம் கேட்கவில்லை. முறையான கிரியைகளுக்கு அவகாசமின்றிப் பலர் அவசரமாகப் புதைக்கப்பட்டனர்.

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றால் இறந்தோர் அனைவரையும் எரிக்க வேண்டும் என அரசு கட்டளையிட்டது. மையித்தை எரிப்பதை ஏற்காத முஸ்லிம்களுக்கு அது மரணத்தின் மீது இழைக்கப்பட்ட மற்றொரு துயரமாயிற்று. 2021 பெப்ரவரியில் கட்டளை தளர்த்தப்பட்டதும், மார்ச் மாதம் முதல் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஜனாஸாக்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே அடக்கஞ் செய்யப்பட்டோரில் ஏனைய சமயத்தவர்களும் உள்ளனர். கட்டாய எரிப்புக்காக முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கோருவதற்கு 2024 ஜூலையில் அமைச்சரவை அங்கீகாரமளித்தது. மரணித்தவருக்குரிய மரியாதையை மறுப்பது உயிரோடிருப்போரின் நெஞ்சில் எத்தகைய வடுவை விடும் என்பதை இம்மாவட்டத்துத் தமிழர்களும் முஸ்லிம்களும் தத்தம் அனுபவத்தால் அறிந்துள்ளனர்.

ஆகவேதான் கல்லடிச் சமாதியை ஒரு சமூகத்தின் பெருமைச் சின்னமாக மட்டும் கொள்வது போதாது என்கிறோம். ஆண்டுதோறும் நினைவுதினம் கொண்டாடுவதும் சிலைக்கு மாலை அணிவிப்பதும் நல்லவையே. ஆயின், மலர்களை விலக்கி உள்ளத்தைக் கேட்ட ஒருவரின் முன்னே மாலையோடு மட்டும் நிற்பது அவர் எழுதியதை வாசிக்காமல் நிற்பதாகும். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒருவர் மற்றவரின் துயரத்தை அறியாமலே தனித்தனி வகுப்பறைகளில் வளர்வார்களாயின் அவர் நாட்டிய கல்விப்பணி பாதியிலேயே நிற்கிறது என்பதே பொருள். காத்தான்குடியின் இழப்பைத் தமிழாசிரியரும், சத்துருக்கொண்டானின் இழப்பை முஸ்லிம் ஆசிரியரும் தம் மாணவர்களுக்கு நேர்மையாக எடுத்துரைக்கும் நாள் வரவேண்டும். அதுவே அடிகளாருக்குச் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.

எகிப்திய அரசர்கள் பொன்னையும் பிரமிட்டையும் நம்பினர். அவர்களுள் பலரின் உடல்கள் இன்று நூதனசாலைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் கிடக்கின்றன. காரைதீவில் பிறந்து, உடைமையேதுமின்றி மறைந்த ஒரு துறவி கல்லடி மண்ணில் உறங்குகிறார். அவர் அமைத்த பாடசாலையில் இன்றும் காலை மணி ஒலிக்கிறது. நமது தட்டில் வைக்கப்படப்போவது எது என்பதைத் தீர்மானிக்க நமக்கு இன்னும் அவகாசம் உண்டு. நெஞ்சை மௌனமாக்கும் கல்லைத் தேடுவதை விட, அது சாட்சி சொல்லும்போது அஞ்சாமல் நிற்கக்கூடிய வாழ்வைத் தேடுவதே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் உகந்ததாகும்.